95 ஆண்டுகள் காத்திருந்த பதில்: ஓர் இழுவைக் கப்பலின் கதை

(நம் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துறைமுகம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மலை மாதிரி நிற்கும் ஒரு சரக்குக் கப்பலைச் சின்னக் கப்பல் ஒன்று முட்டித் தள்ளும், கயிறு கட்டி இழுக்கும். அதுதான் இழுவைக் கப்பல். 'டக்' என்றும் சொல்வார்கள். உடம்பு சின்னது, இன்ஜின் பெரியது. அதன் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அப்படி ஒரு கப்பலின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் கோனஸ்டோகா.

1904-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இதைக் கட்டினார்கள். 170 அடி நீளம். சொந்தக்காரர் ஒரு ரயில்வே கம்பெனி. ரயில் கம்பெனிக்கு எதற்குக் கப்பல் என்று கேட்பீர்கள். நிலக்கரி கடற்கரை வரை ரயிலில் வந்துவிடும். அதற்குப் பிறகு பார்ஜ்களில் ஏற்றிக் கடல் வழியே இழுத்துப் போக வேண்டுமே! அந்த வேலைக்குத்தான் இந்தக் கப்பல்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. போருக்குப் போர்க்கப்பல் மட்டும் போதாது. நடுக்கடலில் நின்றுபோன கப்பலை இழுத்துவர ஆள் வேண்டும், சாமான் கொண்டுபோக ஆள் வேண்டும். அதனால் அந்த ஆண்டு செப்டம்பரில் கடற்படை இதை விலைக்கு வாங்கி, நவம்பரில் பணியில் சேர்த்தது. கரி இழுத்த கப்பலில் 3 அங்குலப் பீரங்கி ஏறியது. இந்தப் பீரங்கியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போரில் இது பெரிய வீரச்செயல் எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது. அட்லாண்டிக் கடலோரம் சரக்கும் பீரங்கிகளும் சுமந்தது. பெர்முடாவுக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் போன கப்பல் கூட்டங்களுக்குத் துணையாகப் போனது. 1918 நவம்பரில் போர் முடிந்தது. ஆனால் இது நியூயார்க் திரும்பியது 1919 செப்டம்பரில்தான். இழுவைக் கப்பலின் வேலை போர் முடிந்த பிறகும் முடிவதில்லை.

அடுத்து வந்த உத்தரவு, பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்க சமோவாவுக்குப் போகச் சொன்னது. 1921 மார்ச் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் நீரிணையைத் தாண்டிக் கிளம்பியது. வழியில் ஹவாயின் பேர்ல் ஹார்பரில் நிற்பதாகத் திட்டம். கப்பலில் 56 பேர். அன்று காற்று பலமாக அடித்தது, கடலும் கொந்தளிப்பாக இருந்தது.

அந்தக் கப்பல் ஹவாய் போய்ச் சேரவே இல்லை.

தேடினார்கள். சாதாரணத் தேடல் இல்லை. 1937-ல் விமானி அமீலியா ஏர்ஹார்ட் காணாமல் போகும் வரை, கடலில் நடந்த மிகப் பெரிய தேடலாக இதைத்தான் சொன்னார்கள். ஹவாயைச் சுற்றிக் கப்பல்களும் விமானங்களும் அலைந்தன. மே மாதம் மெக்சிகோவுக்கு மேற்கே, ஆள் இல்லாத உயிர்காப்புப் படகு ஒன்றை ஒரு கப்பல் பார்த்தது. அதன் முகப்பில் 'சி' என்ற ஆங்கில எழுத்து. உடனே தேடல் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஜூன் 30 அன்று, கப்பலும் 56 பேரும் தொலைந்துவிட்டதாகக் கடற்படை அறிவித்தது.

88 ஆண்டுகள் கழித்து, 2009-ல், அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனமான நோவா, கடலடியை ஒலி அலையால் அளந்தபோது, யாருக்கும் தெரியாத ஒரு கப்பலின் உருவம் தெரிந்தது. பிறகு கேமரா பொருத்திய இயந்திரத்தை இறக்கிப் பார்த்தார்கள். 189 அடி ஆழத்தில் கப்பல் கிடந்தது. அங்கே அந்த 3 அங்குலப் பீரங்கியும் இருந்தது. கோனஸ்டோகாதான் என்று உறுதி செய்ய அது பெரிய துணையாக இருந்தது.

எங்கே கிடந்தது தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே உள்ள ஃபாரலான் தீவுகளிலிருந்து சுமார் 3 மைலில். கிளம்பிய இடத்திலிருந்து ஒரு நாள் பயணம்கூட இல்லை! புயலில் சிக்கியதாகவும், இழுத்துவந்த பார்ஜ் அறுந்துபோனதாகவும், தெளிவில்லாத ஒரு ரேடியோ செய்தி வேறொரு கப்பல் மூலமாக வந்திருந்தது. தீவின் ஒதுக்குப்புறத்தில் தஞ்சம் புக முயன்றபோது மூழ்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

யோசித்துப் பாருங்கள். கப்பல் எங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ, அங்கே தேடினார்கள். அது வாசலைத் தாண்டியதுமே விழுந்து கிடந்தது.

2016 மார்ச் 23 அன்று வாஷிங்டனில் இந்தச் செய்தியை அறிவித்தபோது, அந்த மாலுமிகளின் குடும்பத்தினர் வந்திருந்தார்கள். பெற்றோரும் மனைவிமாரும் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதிலைக் கேட்டது அடுத்தடுத்த தலைமுறை. கப்பலை மேலே எடுக்கவில்லை. 56 பேரின் சமாதியாக அது அங்கேயே பாதுகாப்பில் இருக்கிறது.

நம் வீடுகளில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு" என்போம். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக 56 குடும்பங்கள் 95 ஆண்டுகள் காத்திருந்தன. நம் பிளாக்குகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. அவர்கள் கதவு இரண்டு நாள் திறக்காவிட்டால், "பிள்ளை வீட்டுக்குப் போயிருப்பார்" என்று நாமே முடிவு செய்யாமல், முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.