மண்ணைப் பாடும் குழல்



ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஆர்னம் லாண்ட் என்னும் நிலப்பரப்பு உளது. அதன் வடகிழக்கே வாழும் யோல்ங்கு மக்கள் யிதாக்கி என்னும் நெடுங்குழலை இசைக்கின்றனர். உலகம் அதனை டிட்ஜெரிடூ என்றே அறியும். இப்பெயர் அம்மக்கள் இட்டதன்று. அதன் ஓசையைக் கேட்ட வெள்ளையர் வழங்கியதாகக் கருதுவர். முற்காலத்தில் வடபுலத்துக்கே உரியதாயிருந்த இக்குழலைத் தென்புலப் பழங்குடியினர் இசைத்ததில்லை.

இக்குழலைக் குடைவது மனிதன் அல்லன், கறையான். யூக்கலிப்டஸ் மரத்தின் உள்வயிரத்தைக் கறையான் தின்றுவிட, மரம் வெறுங்கூடாகிறது. கைதேர்ந்தோர் காட்டினுட் சென்று மரத்தைத் தட்டுவர். எழும் ஓசையைக்கொண்டே உள்ளே கூடுண்மை அறிந்து வெட்டுவர். பட்டையை உரித்து, உட்புறத்தைத் தூய்மை செய்து, வாய்வைக்குமிடத்தில் தேன்மெழுகு பூசுவர். விரல்வைக்கும் துளைகள் இதற்கில்லை. உதடுகளை அதிரச்செய்தே ஊதவேண்டும். கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளும்போதே மூக்கினால் மூச்சை உள்ளிழுப்பதால் நாதம் இடையறாது ஒலிக்கும். நாவும் தொண்டையும் அசைய, அவ்வொரு நாதத்திலேயே தாளமும் பிறக்கும். பறவை விலங்குகளின் குரலும் பிறக்கும்.

ஆயினும் இக்குழல் தனித்து நிற்பதற்காகத் தோன்றியதன்று. பில்மா என்னும் தாளக்கட்டைகளைத் தட்டிப் பாடுபவரே சபைக்குத் தலைவர். குழல் அவருக்குத் துணை. மனிகாய் எனப்படும் அப்பாடல்கள், முன்னோர் சென்ற வழிகளையும் அவர் தங்கிய நீர்நிலைகளையும் பெயர்சொல்லிப் போற்றுகின்றன. ஒரு நிலத்தின் பாடலைப் பாடும் உரிமை அந்நிலத்துக்குரிய குலத்தாரைச் சார்ந்தது. எனவே பாடலே அவர்களுக்கு நிலப்பத்திரம்.

அப்பத்திரத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 1963ஆம் ஆண்டில், யிர்க்கலாவை அடுத்த நிலத்தை பாக்சைட் சுரங்கத்துக்கென அரசு பிரித்தெடுத்தது. யோல்ங்கு மக்கள் மரப்பட்டைகளில் குலச்சித்திரங்களைத் தீட்டி, அவற்றின் நடுவே தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய விண்ணப்பத்தை ஒட்டி, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். பின்னர் வழக்கும் தொடுத்தனர். 1971இல் நீதிமன்றம், அவர்களிடையே செம்மையான சட்டமுறை ஒன்று உண்டென ஒப்புக்கொண்டது. ஆயினும் நிலத்தின்மேல் உரிமை இல்லையென்றே தீர்ப்பளித்தது. 1976இல் இயற்றப்பட்ட நிலவுரிமைச் சட்டமே வடபிரதேசப் பழங்குடியினர் தம் நிலத்தை மீண்டும் பெற வழி வகுத்தது.

இன்று இக்குழல் பன்னாட்டு மேடைகளில் ஒலிக்கிறது. வண்ணம் பூசப்பெற்றுக் கடைகளிலும் விலைக்கு வருகிறது. வாங்குவோர் கைக்குக் குழல் கிடைக்கும். முயன்றால் நாதமும் கிடைக்கும். அந்த நாதம் எந்த மண்ணைப் பாடப் பிறந்ததோ, அந்த மண் யாருடையது என்பதை அறிந்து கேட்பதே நாம் அவ்விசைக்குச் செய்யும் மரியாதை.