பழைய ஜீப் வண்டி வாங்குவோருக்கு

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஆனால் விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பாராமல், சுழி பாராமல், ஏரில் பூட்டி நாலடி நடத்திப் பாராமல் எந்த உழவனும் வாங்கியதில்லை. இன்று மாட்டின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது. விலையோ பன்மடங்கு உயர்ந்துவிட்டது. எனினும், ஆராய்ந்து வாங்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் குறைந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. புதிதாகப் பூசிய வர்ணத்தையும், மினுங்கும் விளக்குகளையும், அகன்ற சக்கரங்களையும் கண்டு மயங்கி, ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பை ஒரே மாலைப் பொழுதில் எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே, நான்கு சக்கரங்களும் இயந்திர வலுவால் உருளும் பழைய வண்டியை, மக்கள் பொதுவாக ஜீப் என்று வழங்கும் வண்டியை, எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்பது பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

முதலில் இவ்வண்டிகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஜீப் என்பது இரண்டாம் உலக யுத்தத்தின் பிள்ளை. அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. யுத்தம் முடிந்ததும் அதே எண்ணத்தைக் கழனிக்கு ஏற்றதாக மாற்றி, இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தார் 1948 ஆம் ஆண்டில் லாண்ட் ரோவரை வெளியிட்டனர். இந்தியாவில் மகிந்திரா நிறுவனத்தார் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். ஜப்பானின் மிற்சுபிசி நிறுவனத்தார் வில்லிஸ் நிறுவனத்தின் அனுமதி பெற்று 1953 முதல் 1998 வரை ஜீப்புகளைச் செய்தனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் உழைத்துக் களைத்த லாண்ட் ரோவர்களும், மிற்சுபிசி டீசல் ஜீப்புகளும் இன்றும் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. அவற்றின் பின் வந்தவை டபுள் கெப் என்று நாம் அழைக்கும் ஜப்பானிய வண்டிகள். இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. அடியிலே ஏணி போன்று அமைந்த ஓர் உருக்குச் சட்டம்; அதன் மேலே ஏற்றிவைத்த உடல். இந்தச் சட்டத்தையே சேசிஸ் என்கிறோம். இன்றைய பேச்சின் உயிர்நாடி அந்தச் சட்டந்தான்.

ஆயினும் வண்டியைப் பார்க்கப் புறப்படுமுன், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தகைய வண்டி நமக்கு உண்மையிலே தேவையா? கிண்ணியாத் துறையில் 2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, மூதூர்ப் பக்கம் போவோர் வண்டியைப் பாதையில் ஏற்றி நீரைக் கடந்தனர். இன்று அந்த நிலை இல்லை. குச்சவெளி வழியாகப் புல்மோட்டை செல்லும் வீதியும் செப்பனிடப்பட்டுவிட்டது. நகரத்துக் கந்தோருக்குப் போய்த் திரும்பும் ஒருவருக்கு நான்கு சக்கர இயக்கம் வெறும் சுமையே. எடை கூடுதல், டீசல் செலவு கூடுதல், தேயும் உறுப்புகளும் கூடுதல். 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் மணலிலே படகு இழுக்கும் மீனவருக்கும், மாரியில் சேறாகும் வயற்பாதையில் நெல் ஏற்றுபவருக்கும், காட்டோரக் கிராமத்திலிருந்து நோயாளியைக் கொண்டுவர வேண்டியவருக்கும் அது ஆடம்பரம் அன்று, கருவி. கருவியாக வாங்குபவரே அதை ஆராய்ந்து வாங்க வேண்டியவர்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நான் வாழும் நிலாவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடற்கரைக் கிராமம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் உப்பளமும். காற்றிலும் உப்பு, மண்ணிலும் உப்பு. இத்தகைய ஊரில் வண்டியின் முதற் பகைவன் வயது அன்று, ஓடிய தூரமும் அன்று. கறள், அதாவது துரு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புக் கலந்த ஈரம் இரும்பை விரைந்து அரிக்கும். சேசிஸ் பெரும்பாலும் உட்புறம் கூடான பெட்டி போன்றது. சக்கரம் வாரியிறைக்கும் மணலும் உப்பு நீரும் துளைகள் வழியே அதனுள் புகுந்து தங்கிவிடுகின்றன. ஆகவே துரு உள்ளிருந்து தொடங்கி வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முற்றிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

லாண்ட் ரோவர் விடயத்தில் ஒரு சிறப்பான எச்சரிக்கை தேவை. யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையால், அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். அலுமினியம் இரும்பைப் போலச் செந்துருப் பிடிப்பதில்லை. எனவே விற்பவர், “பாருங்கள், எங்கேனும் கறள் உண்டா?” என்று பெருமையோடு உடலைத் தட்டிக் காட்டுவார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த அழியா உடலைத் தாங்கும் சட்டம் உருக்கினால் ஆனது. மேலே மாளிகை, கீழே கறையான் அரித்த தூண் என்ற கதையாக அது முடியலாம். அன்றியும், அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உப்பு நீர் பட்டால் அலுமினியமே அரிபட்டு வெண்பொடியாக உதிரும். கதவின் அடிப்பகுதியையும் ஆணிகள் முடுக்கிய ஓரங்களையும் தடவிப் பார்த்தால் இது புலப்படும்.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது நான்கு பொருள்களை எடுத்துச் செல்லுங்கள். ஒரு பழஞ்சாக்கு, ஒரு கைவிளக்கு, ஒரு சிறு சுத்தியல், ஒரு காந்தம். வண்டியைச் சம நிலத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாக்கை விரித்து, அதன் கீழே படுத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. விற்பவர் இதற்கு இணங்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது. படுத்தபின், சட்டத்தை முன்னிருந்து பின்னாகச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல உருக்கு மணிபோல ஒலிக்கும்; அரிபட்ட உருக்கு மண்பானை போல மங்கி ஒலிக்கும். வில்லுத் தகடுகள் சட்டத்தோடு சேரும் இடங்கள், பின்கோடியிலுள்ள குறுக்குச் சட்டம், பின்னச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடம் ஆகியவற்றை இருமுறை பாருங்கள். சந்தேகமான இடத்தில் காந்தத்தை வையுங்கள். பசையும் துணியும் வைத்து அடைத்து வர்ணம் பூசிய இடத்தில் காந்தம் பற்றாது. அலுமினிய உடலிலும் அது பற்றாது என்பதால், இச்சோதனையை உருக்குச் சட்டத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பழைய வண்டியின் அடிப்புறம் முழுவதும் அண்மையில் பூசிய கரிய தாரால் பளபளத்தால், அதைப் பாதுகாப்பு என்று எண்ணி மகிழாதீர்கள். எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேளுங்கள்.

அதே இடத்தில் படுத்தபடி பார்க்க வேண்டிய இன்னொன்று தடைக் குழாய்கள், அதாவது பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய உருக்குக் குழாய்கள். இவை விரலளவு பருமன்கூட இல்லாதவை. கறள் பிடித்த குழாய் சாதாரண ஓட்டத்தில் தாங்கி நிற்கும்; அவசரமாகக் காலை அழுத்தும் அந்த ஒரு கணத்தில் வெடித்துவிடும். வண்டியின் பின்புறத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும்போது அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. துருவை ஆராய்வது பணத்தைக் காக்க மட்டுமன்று, உயிரைக் காக்கவும் என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது நான்கு சக்கர இயக்கம். இதற்காகத்தானே கூடுதல் விலை கொடுக்கிறோம்? ஆயினும் அதைச் சோதியாமலே வாங்குவோர் பலர். இதைத் தார் வீதியில் சோதிக்கக் கூடாது. காரணம் எளியது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. பழைய முறை வண்டிகளில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடுவதால், இந்த வேறுபாட்டுக்கு இடமில்லாது போகிறது. மணலில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார் வீதியிலோ, அந்த முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களின் மேலும் தண்டுகளின் மேலும் விழும். ஆகவே மணற்பாங்கான இடத்துக்குக் கொண்டுசென்று, முன்சக்கரங்களின் நடுவில் பூட்டுகள் இருந்தால் அவற்றைப் பூட்டி, முதலில் உயர் வேகப் பல்லிலும் பிறகு வண்டியை நிறுத்தித் தாழ் வேகப் பல்லிலும் ஓட்டிப் பாருங்கள். பழைய லாண்ட் ரோவரில் இவற்றுக்கு மஞ்சட் குமிழும் சிவப்புக் குமிழும் இருக்கும். நெம்புகோல் இறங்க மறுத்தாலும், விழுந்த பின் தானாகத் துள்ளி வெளியேறினாலும், முன்புறத்திலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி எழுந்தாலும் செலவு காத்திருக்கிறது என்று அறியலாம். நான்கு டயர்களும் ஒரே அளவினதாக இருக்கின்றனவா என்பதையும் நோக்குக. பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்கள் அவை செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் என்று பொருள்.

படகை நீரில் இறக்கவும் ஏற்றவும் கடலுக்குள் பின்புறமாகச் செலுத்தப்பட்ட வண்டிகள் நம் கரைகளில் அநேகம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் உண்டு. அவற்றை இனங்காண வழிகள் சில இருக்கின்றன. அச்சின் நடுவிலுள்ள டிப்ரென்சலின் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பாருங்கள். அது பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஆசனப் பட்டியை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். சேற்று வரி காணப்படலாம். ஆசனத்தின் அடிக்கம்பிகளில் கறளும், விரிப்பின் கீழே பூஞ்சண வாடையும் உண்மையைச் சொல்லிவிடும்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். அதைத் திருத்தலாம், மாற்றலாம். நீங்கள் வருமுன் அதைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி, குளிர்ந்த நிலையில் முடுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நீங்காத கரும்புகை எரிபொருள் மிகுதியாகச் செல்வதையும், சூடான பின்னும் மாறாத வெண்புகை நீர் உட்புகுவதையும் பெரும்பாலும் குறிக்கும். விற்பவர் சிபாரிசு செய்யாத ஒரு திருத்துநரை, கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் சிறு தொகை பின்னால் கராஜுக்குக் கொடுக்கும் பெருந்தொகையைத் தடுக்கும்.

இரும்பு நன்றாயிருந்தும் பத்திரம் பழுதானால் பயனில்லை. சேசிஸ் இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இலக்கம் பொறித்த இடத்தில் ஒட்டு வேலை தெரிந்தால் விலகிவிடுங்கள். இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக்குவது புதிய வித்தையன்று. நிதி நிறுவனத்துக்குக் கடன் பாக்கி உண்டா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலிருந்து உறுதிசெய்யுங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் பழைய உரிமையாளரின் கையொப்பம் மட்டும் இருக்க, வாங்குபவரின் பெயர் வெறுமையாக விடப்பட்டு, நாலைந்து கைமாறி வரும் வண்டிகளும் சந்தையில் உண்டு. சட்டத்தின் கண்ணில் அது இன்னும் முதல்வருடைய சொத்தே. அவர் இறந்துபோனாலோ, இடம்பெயர்ந்துவிட்டாலோ, உங்கள் பணம் உங்கள் முற்றத்தில் உரிமையின்றி நிற்கும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. வழி திறந்தபோதும் வரிச் சுமையால் புதிய வண்டி பலருக்கு எட்டாக்கனியாகவே அமைந்தது. விலை ஏறும் சந்தையில் விற்பவர், “இன்று விட்டால் நாளை கிடையாது” என்பார். அந்தச் சொல்லுக்கு அஞ்சி நகையை அடகு வைத்து ஓடுவோரே அரித்த சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். வண்டி போனால் இன்னொரு வண்டி வரும். போன சேமிப்பு அவ்வளவு எளிதில் வராது.

நல்ல வண்டி கிடைத்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. கடற்கரைக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் நல்ல கிணற்று நீரால் அடிப்புறத்தைக் கழுவுங்கள். சட்டத்தின் துளைகளில் அடைத்த மண்ணை அகற்றுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கும் கால் மணி நேரத்துக்கும் சோம்பாதவரின் வண்டி, அவருக்குப் பின் அவர் பிள்ளைக்கும் உழைக்கும்.