தீவு வீட்டில் இரண்டாவது ரவுட்டர்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் அனலைதீவுப் படகுக்குக் காத்து நிற்போரின் சுமைகளை நோக்கினாலே அத்தீவின் வாழ்க்கை ஓரளவு விளங்கிவிடும். அரிசி மூட்டை, மருந்துப் பொதி, சீமெந்துப் பை, மீன்வலை, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள் ஆகிய யாவும் கடல் கடந்தே அங்குச் செல்லவேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாங்க மறந்த பொருள் சிறு ஆணியேயாயினும், அதற்காக ஒரு பகற்பொழுதைச் செலவிட்டு மீண்டும் படகேறவேண்டும். எனவே, தீவில் ஒரு கருவியைப் பொருத்த எண்ணுபவர், படகேறுமுன்பே அதன் விவரம் முழுவதையும் அறிந்திருத்தல் நலம். இன்றைய பேச்சுக்குரிய கருவி, இணையத்தை வீட்டுக்குள் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர். பாடநூல்கள் இதனை வழிப்படுத்தி என்கின்றன. ஒரு வீட்டில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருக்க, இரண்டாவதாக இன்னொன்று எதற்கு என்பதே முதலில் எழும் வினா.

ஒரு வீட்டை மனக்கண்ணில் கொள்ளலாம். இது கற்பனை வீடேயாயினும், இதனைப் போன்ற வீடுகள் தீவகமெங்கும் உள. முன் விறாந்தை, நடுவே கூடம், பின்புறத்தில் ஓர் அறை, முற்றத்துக்கப்பால் தனியே குசினி. சுவர்கள் பழைய காலத்துக் கற்சுவர்கள், தடித்தவை. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலையைப் பெற்று இயங்கும் 4ஜி ரவுட்டர் விறாந்தை யன்னலருகே வைக்கப்பட்டிருக்கிறது. பின்னறையில் அம்மம்மா படுக்கையில் இருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து மகள் காணொளியில் அழைக்கிறாள். "அம்மா, உங்கட முகம் தெரியேல்லை" என்று மகள் சொல்லும்போதே குரலும் அறுந்துபோகின்றது. அம்மம்மாவை விறாந்தைக்குத் தூக்கிவரவேண்டும். அல்லது அழைப்பை விடவேண்டும். உயர்தர வகுப்பில் பயிலும் பேரனோ, இரவு பத்து மணிக்கும் நுளம்புக் கடியில் விறாந்தைப் படியிலிருந்து பாடம் பார்க்கின்றான்.

இத்தகைய துன்பம் இலங்கைக்குப் புதிதன்று. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்தின் மலைக்கிராமமொன்றில் மாணவரும் ஆசிரியரும் இணைய அலையைத் தேடிக் காட்டுக்குள் நடந்தும் மரமேறியும் பாடம் நடத்திய செய்தியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அங்கே ஊருக்கே அலை எட்டவில்லை. மேலே கூறிய வீட்டில், அலை வாசல்வரை வந்து, உள்ளே நுழையாது நிற்கின்றது. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள். முன்னதற்கு இரண்டாவது ரவுட்டர் மருந்தாகாது, பின்னதற்கு ஆகும். இந்த வேறுபாட்டை உணராமற் காசைச் செலவிட்டோர் பலர்.

இதனை அறியும் சோதனை எளிது. ரவுட்டரின் அருகிலேயே நின்று கைத்தொலைபேசியில் இணையத்தைப் பார்க்கவேண்டும். அங்கேயும் மந்தமாயின், குறை வெளியிலிருந்து வரும் அலையிலே உள்ளது; ரவுட்டரை உயர்ந்த இடத்துக்கோ, கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய யன்னலுக்கோ மாற்றிப் பார்க்கவேண்டும். அருகில் விரைவாகவும் பின்னறையில் மந்தமாகவும் இருப்பின், குறை சுவரிலே உள்ளது. தீவு வீடுகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கோபுரத்தின் அலை கடல்மேல் ஒரு திசையிலிருந்து வருமாயின், ரவுட்டரை அத்திசைக்குரிய மூலையிலேயே வைக்க நேரிடுகின்றது. வீட்டார் புழங்கும் இடமோ மறுமூலை. ஆதலால் முதலாவது ரவுட்டர் கோபுரத்துக்கென்றும், இரண்டாவது ரவுட்டர் மனிதருக்கென்றும் கொள்வது பொருந்தும்.

சுவர் அலையைத் தடுப்பதேன்? வானொலி நேயர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. திருச்சி வானொலியின் ஒலி கடலைக் கடந்து யாழ்ப்பாணத் தீவுகளிற் கேட்டதை முதியோர் அறிவர். அம்மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீற்றர். வீடும் மரமும் அதற்கொரு பொருட்டல்ல. வீட்டு ரவுட்டர் பரப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். ஒரு சாண் அளவும் இல்லை. அதன் வலுவும் மிகச் சிறிது. தடித்த கற்சுவர் இரண்டைக் கடப்பதற்குள் அது களைத்துவிடுகின்றது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை இன்னும் குறுகியது. விரைவு மிகுதி, சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு.

கடலாற் பிரிந்த தீவுகளை இணைக்கும் முயற்சியிலிருந்தே இக்கலை வளர்ந்தது என்பது அனலைதீவாருக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் துணைவர்களும், தீவுகளிலுள்ள கணினி முனையங்களை வானொலி அலையால் இணைக்கும் 'அலோஹாநெட்' என்னும் அமைப்பை 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இயக்கினர். செய்தி இருக்கும்போது அனுப்புக. இருவர் செய்திகள் மோதின், சற்றே பொறுத்து மீண்டும் அனுப்புக என்பதே அதன் விதி. இதனைக் கற்று மேம்படுத்தியே ரொபேர்ட் மெற்காஃப் 1973 ஆம் ஆண்டில் ஈதர்நெட் என்னும் கம்பிவழி முறையை வகுத்தார். கம்பியில்லா முறைக்குரிய பொது நியமம் 1997 இல் வெளிவந்தது; அதனை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒல்லாந்து நாட்டவரான விக் ஹேய்ஸ். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அனலைதீவை ரொட்டர்டாம் என்று அழைத்தனர். பெயரை விட்டுச் சென்றவர்களின் நாட்டிலிருந்து இந்த நியமம் பின்னாளில் வந்து சேர்ந்தது போலும்!

இனிச் செயலுக்கு வரலாம். புதிய கருவி வாங்கவேண்டும் என்பதில்லை. முன்பு பாவித்துப் பெட்டியில் இட்டுவைத்த பழைய ரவுட்டர் பழுதின்றி இருப்பின் அதுவே போதும். கூட வேண்டியது, இரண்டையும் இணைக்கும் ஈதர்நெட் வடம். சாதாரண வடத்தை 100 மீற்றர் வரை இழுக்கலாம். வடமின்றி அலையை வாங்கி அலையாகவே மீண்டும் பரப்பும் 'ரிப்பீற்றர்' கருவிகளும் உண்டு. ஆயினும் அவற்றுட் பல, ஒரே அலையில் வாங்கலும் கொடுத்தலும் செய்வதால் விரைவிற் பாதியை இழக்கின்றன. வடம் இழுக்கச் சற்று வியர்வை சிந்துவதே மேல்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ரவுட்டர் ஒவ்வொன்றும் தலைமை தாங்கவே செய்யப்பட்டது. வீட்டிலுள்ள கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் இலக்கத்தை வழங்குவது அதன் வேலை. இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஓர் ஊரில் இரண்டு விதானைமார் இருந்து, இருவரும் தத்தம் மனம்போல வீட்டிலக்கம் வழங்கத் தொடங்கினால் தபாற்காரர் பாடு என்னவாகும்? இரண்டாவது ரவுட்டர் இந்த அதிகாரத்தைத் துறந்து, அலையைப் பரப்பும் தொண்டை மட்டும் ஏற்கவேண்டும். அவ்வாறு துறந்த ரவுட்டருக்கே 'அக்செஸ் பொயின்ட்', அதாவது அணுகுமுனை, என்று பெயர்.

முதலாவது ரவுட்டருடன் இணைக்குமுன், இரண்டாவதைத் தனியே வைத்து ஒரு கணினியுடன் வடத்தால் இணைக்கவேண்டும். அதன் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டியுள்ள முகவரியைக் கணினியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் மறந்துபோயிருப்பின், கருவியிலுள்ள சிறு துளையில் ஊசியால் 10 விநாடி வரை அழுத்தித் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். முதலாவது ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்று கொண்டால், இரண்டாவதற்கு 192.168.1.2 என்று கொடுக்கவேண்டும். இரண்டிலும் ஒரே முகவரி இருந்தால் எல்லாம் குழம்பும். முதலாவது ரவுட்டர் பிற கருவிகளுக்கு வழங்கும் இலக்க வரிசைக்குள் இந்த இலக்கம் அகப்படாதிருப்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். மாற்றத்தைச் சேமித்து, புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தவேண்டும்.

பின்பு கம்பியில்லா வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு வகையையும் முதலாவதில் உள்ளபடியே இடலாம். அப்போது கைத்தொலைபேசி விறாந்தையிலிருந்து அறைக்குச் செல்லும்போது தானே மாறிக்கொள்ளும். சில தொலைபேசிகள் மெலிந்த பழைய அலையையே பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை நிறுத்தித் திறந்தாற் சரியாகிவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்கு 1 ஆம் தடத்தையும் மற்றதற்கு 6 அல்லது 11 ஆம் தடத்தையும் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதா.

இறுதியாக வடத்தின் ஒரு முனையை முதலாவது ரவுட்டரின் லான் துளையிலும், மறு முனையை இரண்டாவதன் லான் துளையிலும் செருகவேண்டும். வான் எனக் குறித்த துளை வெறுமையாகவே இருக்கட்டும். அதிற் செருகினால் இரண்டாவது ரவுட்டர் மீண்டும் தலைமை கொண்டாடும்; இணையம் வந்தாலும், ஓர் அறையிலுள்ள அச்சுப்பொறியை மற்ற அறையிலுள்ள கணினி காணாது. சில கருவிகளில் அக்செஸ் பொயின்ட் என்ற தெரிவே ஆயத்தமாக இருக்கும்; அதனைத் தெரிந்தால் இவ்வளவு பாடுமில்லை. அத்தகைய கருவியில் எந்தத் துளையைப் பாவிப்பது என்பதை அதன் கைந்நூலிற் பார்த்துக்கொள்க. இணைத்த பின் கணினிக்குக் கிடைத்த முகவரி 169.254 என்று தொடங்கினால், இலக்கம் வழங்குவார் எவருமில்லை என்பது பொருள். வடத்தையே முதலில் ஐயுறவேண்டும்.

கடற்காற்று இங்கே பெரும் பகை. வடத்தின் முனைகளில் உப்புப் படிந்து பச்சை பூத்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதனால் இணைப்புகளைக் கூரைக்கு வெளியே விடாமல், முற்றத்தைக் கடக்கும் வடத்தைக் குழாய்க்குள் இடுதல் நன்று. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரண்டு கட்டடங்களுக்கிடையே ஓடும் செப்புக்கம்பி ஆபத்தானது. முகில் கறுக்கத் தொடங்கும்போதே இரு முனைகளையும் கழற்றிவிடவேண்டும். தலைக்குமேல் இடி முழங்கும் வேளையில் வடத்தைத் தொடலாகாது.

மின்சாரமும் கவனிக்கத்தக்கது. தீவின் மின்சாரம் நெடுங்காலம் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் வெயில், காற்று, மின்கலம் என்பவற்றை இணைத்து மின்சாரம் பெறுவதற்கான ஒப்பந்தம், 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் மாதத்திற் கைச்சாத்தானது. எவ்வாறாயினும், மின்சாரம் நின்றால் ஒரு ரவுட்டருக்கு மட்டும் மின்கலம் கொடுத்துப் பயனில்லை. பின்னறையில் அலை நிற்க வேண்டுமாயின் இரண்டுக்கும் கொடுக்கவேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ற்றில் இயங்குவன; அவற்றுக்கேற்ற சிறு மின்கலப் பெட்டிகள் உள. படகேறுமுன் செருகியின் பருமனையும் பொருத்திப் பார்த்து வாங்கிக்கொள்க.

புதிய முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு கடதாசியில் எழுதி, இரண்டாவது ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடவேண்டும். பொருத்தியவர் ஊரில் இல்லாத நாளிலேதான் அது பழுதாகும்.