மார்கழி இருட்டும் மனச்சோர்வும்



மார்கழி பிறந்தால் போதும், "உடம்பெல்லாம் அசதி, எதிலயும் மனசு ஒட்டல" என்று குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறோம். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர்!

லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. இப்படி வெளிச்சம் குறைவதால் வரும் மனச்சோர்வுக்கு 1984-இல் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் நோய் என்றே பெயர் வைத்தார்கள். நமக்கு மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. ஆனால் கம்பெனிக்குப் போகிற நம்மவர்கள் அதைப் பார்க்கிறார்களா? பனியில் பஸ் ஏறி இருட்டில் இறங்குகிறோம். நடுவில் டியூப்லைட்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷமாவது வெளியே வெளிச்சத்தில் நில்லுங்க. ராத்திரி நடக்கும் குழுக் கூட்டத்தை இந்த இரண்டு மாசம் ஞாயிறு காலை வெயிலுக்கு மாற்றலாமே.

தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் அரசு மருத்துவமனையில் காட்டணும். 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சாகலாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் எழுதுமுன் ஊக்குநர் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய் வரட்டும். அன்னைக்குத் தவணைப் பேச்சு வேண்டாம்.