மரம் ஏறியவனுக்கு மிஞ்சியது என்ன?

(மருதனார்மடத்தில், சீவல் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



கள்ளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிப்பதைக் காண்கிறேன். குடியைப் போற்ற நான் வரவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதை அறிவேன். அதியமான் ஔவையாருக்குக் கள் ஈந்து மகிழ்ந்தான் என்பதையும், நெல்லைக்கொண்டு இல்லங்களிலே ஆக்கிய தோப்பியைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது என்பதையும் அறிவேன். குடிப்பவன் நல்லவனா, கெட்டவனா என்ற வழக்கைப் பிறரிடம் விட்டுவிடுகிறேன். நான் கேட்பது ஒன்றே: இறக்கிக் கொடுத்தவனுக்குக் கிடைத்தது என்ன?

மேனாட்டார் வாற்கோதுமையை முளைக்கவைத்து, காய்ச்சி, நொதிக்கவைத்து மது செய்கின்றனர். நமக்கோ பனையே ஆலை. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டி கட்டினால் இனிய சாறு சொட்டும். மதுவம் என்னும் நுண்ணுயிர் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசிவிட்டாலோ, அது புளிக்காது, கருப்பநீராகவே நிற்கும். பனங்கட்டியும் கல்லாக்காரமும் அதிலிருந்தே பிறக்கின்றன. கள்ளுக்கும் கட்டிக்கும் இடையே உள்ள வேற்றுமை ஒரு விரற் சுண்ணாம்பு!

ஆனால் இந்த ஆலை தரையில் இல்லை. தளநாரைக் காலில் மாட்டிக் காலையும் மாலையும் ஏறவேண்டும். சீவாது விட்டால் பாளையின் வாய் காய்ந்துவிடும். பாளைக்கு ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை.

இத்தகைய உழைப்பின்மேல் அரசின் கண் விழுந்தது. வெள்ளையர் ஆட்சி கள் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகை வாங்கியது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இறக்குவதற்கும் விற்பதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டுமென்று கட்டுப்படுத்தியது. தென்னிலங்கையிலே மதுவிலக்கு இயக்கம் பொங்கி எழுந்த ஆண்டும் அதுவே. குத்தகைக்காரன் இலாபத்தை எண்ணினான். அரசு வரியை எண்ணியது. மரத்திலிருந்து விழுந்தவர்களை எண்ணியவர் யார்?

இன்னொரு கொடுமையையும் சொல்லாமல் விடமுடியாது. பிளாவிலே அவன் வார்த்த கள்ளுக்குத் தீட்டில்லை. அவன் தொட்ட கிணற்றுக்குத் தீட்டு! அவன் கை பட்ட பானம் உள்ளே போகலாம். அவன் கோயிலுக்குள்ளே போகலாகாது! சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆயினும் 1966 அக்டோபர் 21ஆம் நாள், இதோ அருகேயுள்ள சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மக்கள் ஊர்வலம் போகவேண்டியிருந்தது. பொலிசாரின் தடியடிக்குப் பின்னும் அவர்கள் திரும்பிப் போகவில்லை.

1972இல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. குத்தகைக்காரன் இருந்த இடத்திலே சங்கம் வந்து அமர்ந்தது. இது சிறு காரியமன்று, தோழர்களே! அளப்பவனும் நீ, கணக்கெழுதுபவனும் நீ என்ற நிலைமை அதனால் வந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பின்னர் வடமராட்சியிலே திக்கம் வடிசாலை எழுந்தது. அப்புறம் போர். இலட்சக்கணக்கான பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாயின.

கடல் கடந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆனால் 2003 முதல் போத்தல் மதுவை அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. பனையேறி குற்றவாளி, ஆலை முதலாளி கனவான்! இது மதுவிலக்கா, ஏழை விலக்கா? கேரளத்திலோ 1969ஆம் ஆண்டிலேயே கள்ளுத் தொழிலாளர் சேமநல நிதிக்குச் சட்டம் செய்தார்கள். வேலை கொடுப்போரும் தொழிலாளரும் பணஞ் செலுத்த, தொழிலாளிக்குச் சேமலாபமும் பணிக்கொடையும் உரிமையாகக் கிடைக்கின்றன, எவரிடமும் கையேந்தவேண்டியதில்லை.

இங்கே தகப்பன் ஏறிய மரத்தில் மகன் ஏற மறுக்கிறான். அவனை நான் குறைகூற மாட்டேன். விழுந்தால் வீட்டைத் தாங்க ஒரு சட்டமில்லாத தொழிலுக்கு அவன் ஏன் வரவேண்டும்? மதுவரியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, விபத்துக்கும் முதுமைக்கும் சட்டபூர்வமான நிதி அமையுங்கள். சங்கங்களின் நிர்வாகத்தை ஏறுபவர் கையிலேயே விட்டுவையுங்கள். வாக்குக் கேட்டு உங்கள் படலையில் வந்து நிற்போரிடம், வணக்கத்துக்கு மறுவணக்கம் சொல்லுமுன்னே, இந்த இரண்டுக்கும் விடை கேளுங்கள்.