துருக்கியில் நான் எடுத்த கல்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"துருக்கி போய்ட்டு வந்ததைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். பத்து நிமிடத்தில் இஸ்தான்புல் விமான நிலையத்தைக்கூடத் தாண்ட முடியாது! இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

ஹாகியா சோபியா. ஜஸ்டினியன் பேரரசர் 532-ல் தொடங்கி 537-ல் முடித்த தேவாலயம். ஐந்தே வருடம். (நம் கல்லூரிக் கலையரங்கம் கட்ட எத்தனை வருடம் ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம்.) அவசரத்தின் விலையோ என்னவோ, 558-ல் குவிமாடம் இடிந்து விழுந்தது. இன்னும் உயர்த்தி மறுபடி கட்டினார்கள். 1453-ல் மசூதி, 1935-ல் அருங்காட்சியகம், 2020-ல் மறுபடியும் மசூதி.

அடுத்தது கப்படோக்கியா. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான பூமி அது. கத்தியால் சுரண்டினாலே உதிரும். அதனால்தான் டெரின்குயு என்ற ஊரில் சுமார் 85 மீட்டர் ஆழத்துக்கு, பல அடுக்குகளாகப் பூமியைக் குடைந்திருக்கிறார்கள். எதிரி வந்தால் ஊரே ஆடுமாடுகளோடு உள்ளே இறங்கிவிடும். திரிகைக்கல் மாதிரி வட்டக் கல்லை உள்ளேயிருந்து உருட்டிவிட்டால் வழி அடைபட்டுப் போகும். குனிந்தே நடந்ததில் என் இடுப்பு போய்விட்டது, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது பாமுக்கலே பற்றி. பஞ்சுக் கோட்டை என்று அர்த்தம். மலைமேல் சுமார் 35 டிகிரிச் சூட்டில் ஊற்று பொங்குகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வெளியே வந்ததும் கரியமில வாயு பிரிந்து போக, சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. முதலில் கூழாக இருக்கும், பிறகு கல். வெந்நீர் அண்டாவில் உப்புப் படிகிறதே, அதே சமாச்சாரம்தான். அங்கே ஒரு மலைச்சரிவு முழுக்க, அடுக்கடுக்காய்த் தொட்டி தொட்டியாக!

1994-ல் அலுவலக வேலையாகப் போனபோது முதல் முறை பார்த்தேன். 1988-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் உச்சியில், பழைய ஹியராபோலிஸ் நகர இடிபாடுகள் மேலேயே ஓட்டல்கள் நின்றன. ஊற்றுத் தண்ணீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குப் போயிற்று. வெள்ளை மலை அங்கங்கே அழுக்கேறிக் கிடந்தது. "அடப்பாவிங்களா!" என்று திட்டிக்கொண்டே நானும் எலுமிச்சை அளவு ஒரு துண்டைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவியது.

பிறகு அந்த ஓட்டல்களை இடித்துவிட்டார்கள். தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடுகிறார்கள். இப்போது அந்தப் படிவின் மேல் நடக்க வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும், நம் கோயில் மாதிரி.

2023-ல் மனைவியோடு போனேன், கல்லையும் எடுத்துக்கொண்டு. "திருடினதைத் திருப்பிக் குடுக்க விசா எடுத்துக்கிட்டுப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள். வெறுங்காலோடு நடந்து, வாய்க்கால் ஓரம் குனிந்து அதை வைத்தேன். சுற்றிலும் வெள்ளை வெளேர். இருபத்தொன்பது வருடத் தூசியோடு இது மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. காவலர் விசில் ஊதினார். நகர்ந்துவிட்டேன்.