வரி அறவிடும் சபை வகைசொல்லவும் வேண்டும்



யாழ்ப்பாண மாநகர சபையிடம் நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. ஆண்டுச் சோலைவரியைச் சனவரி 31க்குள் முழுதும் செலுத்தினால் நூற்றுக்குப் பத்துக் கழிவுண்டு. செலுத்தத் தவறினாலோ, வீட்டுப் பொருளைக் கைப்பற்றவும் சட்டம் இடமளிக்கிறது.

2023 மார்ச்சில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6இல்தான் தேர்தல் வந்தது. இடையில், நம் பிரதிநிதி ஒருவருமின்றியே வரி அறவிடப்பட்டது.

பஸ் ஓட்டுவது சபையின் வேலையன்று என்பதை அறிவோம். ஆயினும், பஸ்ஸுக்கு நடந்து செல்லும் ஒழுங்கைக்கு விளக்கிடுவதும், அதில் வெள்ளம் தேங்காது வாய்க்கால் வெட்டுவதும் எவர் கடமை? வட்டாரந்தோறும் வரவுசெலவைக் காட்டுக! வரிக்குச் சட்டம் பேசும் சபை, கடமைக்கும் சட்டம் பேசட்டும்!